பிராந்தைக் கொல்லாத கம்பி

கோழிக்கூட்டுக்கு மேல் வலை விரித்ததுதான் உம்மாவும் நிஸ்ரினும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை.

வெள்ளிக்கிழமை பின்னேரம். வலை, பக்கத்து வீட்டு லோறன்ஸ் கழித்துப் போட்ட மீன்வலை. தடியும் அந்த வீட்டுத் தடிதான். லோறன்ஸின் மனைவி ஜூலியானா முருங்கைக்காய் பறிக்க வைத்திருக்கும் நீளமான அலுமினியக் குழாய், நுனி கொக்கிபோல வளைந்தது. உம்மா கீழே நின்று தடியால் வலையைத் தூக்கிக் கொடுத்தார். நிஸ்ரின் கதிரையில் ஏறி நின்று மூலைகளைக் கட்டினாள்.

"இறுக்கிக் கட்டு மகள். தொங்கினா அவன் அதுல வந்து ஊஞ்சல் ஆடுவான்."

"வலைக்கண் பெருசு உம்மா. வல்லூறு பூந்திரும்."

"பூந்தாப் பூரட்டும். அது சின்னச் சாதி, பசிக்கு எடுக்கிறது. இவன் கொழுப்புக்கு எடுக்கிறவன்."

இவன் என்பது செம்பிராந்து, பருந்துச் சாதி. வெள்ளைத் தலை, செங்கல் நிற உடம்பு. அந்த நேரமும் லோறன்ஸின் தென்னையில் இருந்துகொண்டு நடக்கிற வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. உம்மா தடியை அதன் பக்கம் நீட்டினார்.

"நல்லாப் பார். இனி உனக்கு இந்த வளவுல கந்தூரி இல்ல."

அது அசையவில்லை. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஜூலியானாவின் குரல்தான் வந்தது.

"ராத்தா, சண்டை முடிஞ்சதும் என்ட தடியைத் தந்திருங்க. போன முறை மாதிரிப் பெருநாள் வரைக்கும் வச்சிருக்காம."

"தாறன் தாறன். உன்ட தடியை ஆக்கித் திண்டா போடப் போறன்?" என்றார் உம்மா. பிறகு மகளிடம், "காலையில முதல் வேலை அதுதான். இல்லாட்டி இவ வாய் மூட மாட்டா."

தடியைக் கூட்டில் சாய்த்து வைத்தார்கள்.

உம்மாவின் பெயர் சுல்பா. பிறந்தது மன்னாரில், எருக்கலம்பிட்டியில். தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில் புலிகள் முஸ்லிம்களை ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது வீட்டை விட்டு வெளிக்கிட முன் அவர் கடைசியாகச் செய்த காரியம் கோழிக்கூட்டைத் திறந்துவிட்டது. அடைபட்டுக் கிடந்து சாகாமல் எங்காவது பொறுக்கித் தின்னட்டும் என்று நினைத்தார். கரையில் வள்ளத்துக்குக் காத்து நின்றபோது திரும்பிப் பார்த்தார். ஊருக்கு மேலே பிராந்துகள் சுற்றின. எல்லார் வீட்டுக் கோழியும் வெளியே. ஒரு வீட்டிலும் கல்லெறிய ஆள் இல்லை.

இந்தக் கதையை அவர் ஒருநாளும் அழுது சொன்னதில்லை. ஏசித்தான் சொல்வார்.

"துவக்கு வச்சிருந்தவன் முன்னால நாங்க வாயப் பொத்திக்கிட்டு வள்ளம் ஏறினம். அதைப் பாத்துத்தான் அந்தப் பிராந்துகளுக்கே துணிவு வந்தது. இனி நான் எவனுக்கும் வாயப் பொத்த மாட்டன்."

பொத்தவும் இல்லை. கற்பிட்டியில் இறங்கி, தில்லையடியில் ஓலைக் கொட்டிலில் சில வருடம் இருந்து, பிறகு முந்தல் பக்கம் வாவியோரமாக ஒரு துண்டுக் காணி கிடைத்து வந்தார்கள். கணவர் நெய்னார் உப்பளத்துக்குப் போனார். சுல்பா முதல் வாங்கியது ஒரு பெட்டைக் கோழி. வாங்கிய கிழமையே அதன் குஞ்சைப் பிராந்து தூக்கியது. அன்றைக்குத் தொடங்கிய சண்டை.

ஒரு தடவை கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தவரின் கையிலிருந்தே சூடை மீனைப் பறித்தது. பெருவிரல் கிழிந்து தையல் போட வேண்டி வந்தது. என்ன நடந்தது என்று டிஸ்பென்சரியில் கேட்டதற்கு, "களவு" என்றார். இன்னொரு தடவை கொடியில் காய்ந்த நெய்னாரின் தொப்பியைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் கூட்டுக்கு மெத்தை போட்டது. நெய்னார் சிரித்தார். "ஜும்ஆவுக்குப் போறான் போல, விடு." சுல்பா விடவில்லை. லோறன்ஸைத் தென்னையில் ஏற்றித் தொப்பியை இறக்கிக் கழுவிக் காயவைத்து, அதையே கணவனின் தலையில் மாட்டிப் பள்ளிக்கு அனுப்பினார். அந்தத் தொப்பியின் விளிம்பில் ஒரு கிழிசல் இருந்தது. நெய்னார் மவுத்தாகும் வரை அதைத்தான் போட்டார்.

யுத்தம் முடிந்த பிறகு உம்மாவும் நிஸ்ரினும் எருக்கலம்பிட்டிக்கு ஊர் பார்க்கப் போனார்கள். வீட்டுக்குக் கூரை இல்லை. கிணறு தூர்ந்திருந்தது. வளவுப் பனையில் ஒரு பிராந்து இருந்தது.

"பாத்தியா மகள்? இவன் ஒருநாளும் அகதியாகல்ல," என்றார் உம்மா. குனிந்து கல் தேடினார்.

குஞ்சுகளுக்குச் சாயம் பூசுவது அவர் ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கம். பன்புல்லில் இழைக்கும் பாய்க்குப் போடும் சாயத்தைக் கரைத்து முக்கி எடுப்பார். நிறம் மாறின குஞ்சைப் பிராந்து தீன் என்று நினைக்காது என்பது நம்பிக்கை. முற்றம் முழுவதும் ரோசாவும் பச்சையுமாகக் குஞ்சுகள் ஓடும்.

"ராத்தா, முந்தி அவன் தேடி எடுத்தான். இப்ப மரத்தில இருந்தே நிறம் பாத்து எடுக்கிறான்," என்பாள் ஜூலியானா.

"உன்ட கண் பட்டுத்தான் போகுது," என்பார் உம்மா.

காணிக்குப் பின்னால் இறால் பண்ணை. முதலாளி ஹயாத்து முகம்மது ஹாஜியார். பள்ளிவாசல் நிர்வாகத்திலும் இருப்பவர். லோறன்ஸுக்கு அங்கே காவலும் பம்பு வேலையும். இறால் குளம் உள்ள ஊரில் எல்லாருக்கும் ஒன்று தெரியும்: குளத்துக்கு மேல் பிராந்துகள் கூடினால் அந்தக் குளத்தில் நோய். வெண்புள்ளி விழுந்த இறால் மேலே வந்து மிதக்கும், பிராந்து இறங்கி அள்ளும். பிராந்தைக் கண்டதும் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் வாய்க்கால் தண்ணீரை எடுக்க மாட்டார்கள். நோய்க்குளத்துத் தண்ணீரைத் திறந்து விடாதே என்று சண்டைக்கு வருவார்கள்.

அந்த மாதம் ஹாஜியாரின் குளத்துக்கு மேல் பிராந்துகள் கூடின.

குளத்துக்குக் குறுக்கே காகத்துக்குக் கட்டும் நைலோன் நூல் ஏற்கெனவே இருந்தது. அது போதவில்லை. ஹாஜியார் லோறன்ஸைக் கொண்டு குளக்கட்டு நெடுகத் தடிகள் நட்டு, ஒரு வெறும் செம்புக் கம்பி இழுத்து, அதற்குக் கறண்ட் கொடுப்பித்தார். பிராந்து வந்து இருந்தால் விழுந்து சாகும் என்பது அவர் எண்ணம். அந்தக் கட்டால் ஆட்கள் போய்வருவது அவருக்குத் தெரியும். ஒரு பலகைத் துண்டில்கூட எழுதி வைக்கவில்லை. எழுதினால், ஏன் கம்பி என்று ஊர் கேட்கும்.

நிஸ்ரின் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்சாரம் படித்தவள். கூரைகளில் சூரிய மின்படல் பூட்டும் கம்பனி ஒன்றில் வேலை. சனிக்கிழமை காலை அவள் புத்தளத்தில் ஒரு கடைக் கூரையில் நின்றாள். மூத்தவன் றஸீன் நானாவின் அழைப்பு வந்தது.

"தங்கச்சி, வீட்ட வா. உம்மா மவுத்."

அவள் கருவிகளைக் கூரையிலேயே விட்டுவிட்டு இறங்கினாள்.

அவள் வந்து சேர்ந்தபோது மய்யித்து வீட்டுக்குள் கிடந்தது. குளக்கட்டில் மயங்கி விழுந்து கிடந்தா என்று லோறன்ஸ் சொல்லியிருந்தான். ஹாஜியாரின் வாகனத்தில்தான் கொண்டுவந்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு அல்ல, நேரே வீட்டுக்கு. ஹாஜியார் முற்றத்தில் கதிரை போடச் சொல்லிக்கொண்டிருந்தார். கபன் துணி வந்துவிட்டது. கபுர் வெட்ட ஆள் போய்விட்டது. கிராம அலுவலரான விதானைக்கும் சொல்லியாகிவிட்டது: ப்ரஷர் இருந்த மனுசி, மாரடைப்பு. அவரும் சொன்னதை எழுதிக்கொண்டு போயிருந்தார்.

"அல்லாஹ் உங்களுக்குக் கூலி தருவான் ஹாஜியார்," என்று றஸீன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

குளிப்பாட்டும் மறைப்புக்குள் சாச்சி பளீலாவும் இன்னும் இரண்டு பெண்களும் நின்றார்கள். பளீலா உம்மாவின் தங்கச்சி, தில்லையடியிலிருந்து வந்தவர். நிஸ்ரின் தண்ணீர் ஊற்றினாள். வலது கையை விரித்துக் கழுவும்போது கண்டாள். உள்ளங்கையில், விரல் தொடங்கும் இடத்தில், ஒரு பள்ளம். நடுவில் கறுப்பு, சுற்றிவர வெள்ளையாகத் தடித்த விளிம்பு. இந்த மாதிரி ஒரு கையின் படத்தை முதலாம் வருடப் பாதுகாப்பு வகுப்பில் சுவரில் ஒட்டியிருந்தார்கள்.

"சாச்சி, இது கறண்ட்."

"சும்மா இரு புள்ள. தண்ணிய ஊத்து."

"கறண்ட் அடிச்சிருக்கு. மாரடைப்பு இல்ல. அடக்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்."

"கொண்டு போனா வெட்டுவாங்க. பிறந்த மேனியா மேசையில போட்டு வெட்டுவாங்க. உன்ட உம்மாவை அதுக்கா குடுக்கப் போறாய்?"

"கொன்றவனை விட்டிருவமா சாச்சி?"

பளீலா சாச்சி அழுதுகொண்டே அந்தக் கையை மூடி, மற்றப் பக்கம் திருப்பினார். "மய்யித்துக்கு நோகும்," என்றார்.

நிஸ்ரின் நனைந்த கையோடு முற்றத்துக்குப் போனாள். றஸீனை ஒரு பக்கம் இழுத்துச் சொன்னாள். ஹாஜியாரும் எழும்பி வந்தார்.

"மகள், ராத்தாக்கு ப்ரஷர் இருந்தது ஊருக்கே தெரியும். மய்யித்தைச் சுணக்கப்படாது, வதைக்கப்படாது. மார்க்கம் தெரிஞ்ச புள்ளைதானே நீங்க?"

"உங்கட குளக்கட்டுல என்ன கம்பி ஓடுது ஹாஜியார்?"

அவர் றஸீனைப் பார்த்தார். றஸீனின் கண் சிவந்து வீங்கியிருந்தது.

"தங்கச்சி, உள்ள போ. ஆம்பிளைகள் நிக்கிற இடம். உம்மாவை நல்லபடியா அடக்க விடு."

அடக்கினார்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு எல்லாம் முடிந்தது. சுணக்கம் இல்லாமல், வதை இல்லாமல், மார்க்கப்படி. ஹாஜியாரும் மூன்று பிடி மண் போட்டதாக றஸீன் வந்து சொன்னான். நன்றியோடுதான் சொன்னான். நிஸ்ரின் கையில் இருந்த கோப்பையைச் சுவரில் எறிந்தாள்.

அடுத்த நாள் காலை குளக்கட்டுக்குப் போனாள். கம்பி இல்லை. தடிகள் நின்றன. ஒவ்வொரு தடியிலும் பிளாஸ்டிக் போத்தலின் கழுத்து வெட்டிச் செருகியிருந்தது, கம்பி மரத்தில் படாமலிருக்க. கம்பியைக் கழற்றியவர்கள் அதைக் கழற்ற மறந்துவிட்டார்கள். பம்பு அறையின் கதவு திறந்து கிடந்தது. பெட்டியில் ட்ரிப் சுவிட்ச் நல்லதுதான் இருந்தது. ஆனால் அதற்கு முந்திய திருகில் புதிதாகக் கழற்றிய கீறல் மினுங்கியது. கம்பிக்குக் கறண்டை அங்கேயிருந்துதான் எடுத்திருந்தார்கள். சுவிட்சுக்குப் பிறகு எடுத்தால் ஈரத்துக்கு அடிக்கடி விழும், பம்பு நிற்கும், இறாலுக்குக் கூடாது. அப்படி விழுவதற்குத்தான் சுவிட்ச். விழுந்திருந்தால் உம்மா இன்றைக்கும் எழும்பிக் கோழிக்குத் தவிடு குழைத்திருப்பார்.

எல்லாவற்றையும் போனில் படம் எடுத்தாள். எடுக்கும்போது ஒரு தடியின் உச்சியில் செம்பிராந்து வந்து இருந்தது. சிறகில் ஒரு இறகு முறிந்து தொங்கியது. அது அவளைப் பார்த்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒற்றைக் கம்பி. ஒற்றைக் கம்பியில் வந்து இருக்கிற பறவைக்கு ஒன்றும் ஆகாது. அதன் உடம்புக்குள்ளால் கறண்ட் போக வழி இல்லை. மண்ணில் காலூன்றி அதைத் தொடுகிற உயிருக்குத்தான் வழி உண்டு. மாட்டுக்கு. நாய்க்கு. மனுசிக்கு. பிராந்துக்கென்று இழுத்த கம்பியால் பிராந்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கொல்லலாம். மின்சாரம் படித்த முதல் மாதத்துப் பிள்ளையிடம் கேட்டிருந்தாலே சொல்லியிருக்கும். வேலிக்கு இந்தப் பக்கம் படித்தவள் ஒருத்தி இருந்தாள். கேட்டால் நோய்க்குளம் வெளிவந்துவிடும் என்று கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து படங்களை றஸீனிடம் காட்டினாள்.

"போத்தல் கழுத்தைக் கொண்டு போய் என்னத்தைச் சொல்லப் போறாய்?" என்றான் அவன். சத்தம் குறைந்திருந்தது. "உம்மா அதைத் தொட்டா எண்டதுக்கு என்ன இருக்கு? கபுரைத் தோண்டச் சொல்றியா?"

"நீ அவன்ட கையப் பிடிச்சு துஆக் கேட்டாய் நானா."

"எனக்குத் தெரியாது தங்கச்சி. வெட்டாமத் தந்தாரே எண்டுதான்..."

வெளியே வந்து கோழிகளைத் திறந்துவிடப் போனபோதுதான் தடியைக் கண்டாள். கூட்டில் சாய்த்திருந்தது, வெள்ளிக்கிழமை வைத்த அதே இடத்தில். அடியில் உம்மாவின் செருப்புகள் ஒழுங்காகச் சோடி சேர்த்து வைத்திருந்தன. கட்டுக்கு ஓடிப்போன ஊர் ஆட்கள் யாரோ மரியாதைக்குப் பொறுக்கிக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். ஹாஜியாருக்குத் தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டார்.

தடியின் அடிப்பக்கத்தில் குளக்கட்டின் உவர்ச்சேறு காய்ந்திருந்தது. கொக்கியின் உள்விளிம்பில் மிளகளவு குழிகள். அலுமினியம் உருகிக் கறுத்து, குழியின் ஓரத்தில் செம்பின் நிறம் ஒட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை அந்தக் கொக்கி வழவழப்பாக இருந்தது. அவளே அதிலிருந்து வலையைக் கழற்றி எடுத்தவள்.

தடியைத் தோளில் வைத்துக்கொண்டு ஒழுங்கையால் நடந்தாள். வேலியில் பிரிந்த பொட்டு வழியால் நுழைந்தும் போகலாம். போகவில்லை. எல்லாரும் பார்க்கட்டும் என்று ஒழுங்கையைச் சுற்றிப் போனாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜூலியானா வீட்டு வாசலில் நின்றாள். லோறன்ஸ் உள்ளே கட்டிலில் இருந்தான். நிஸ்ரினைக் கண்டதும் முகத்தைத் திருப்பினான்.

"உம்மா இரவல் வாங்கினது. திருப்பித் தரச் சொன்னவ," என்றாள் நிஸ்ரின்.

ஜூலியானா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அதைத்தானே கொண்டந்தா, என்ட சாமி. நான் குசினி வாசல்ல நிண்டு பாத்துக்கொண்டிருந்தன். தடியோட வாறா, பாதி வழியில அவன் ரோசாக் குஞ்சைத் தூக்கிட்டான். பண்ணை நூலுல சிறகு மாட்டித் தொங்குறான், குஞ்சு காலில கத்துது. ராத்தா சிரிச்சா. 'இண்டைக்கு ஆப்பிட்டாய்டா மவனே' எண்டு கத்திக்கொண்டு கட்டுல ஏறிட்டா. நான் அடுப்பைப் பாக்கத் திரும்பினன். திரும்பாம இருந்திருந்தா..."

"கொக்கியைப் பாருங்க அக்கா."

ஜூலியானா கொக்கியைப் பிடித்துப் பார்த்தாள். விரலால் குழிகளைத் தடவினாள்.

"என்ன இது? உருகிக் கிடக்கு?"

"உங்கட மனுசனைக் கேளுங்க."

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. லோறன்ஸ் வாசலுக்கு வந்தான். ஒன்றும் கேட்காமலே பேசினான்.

"முதலாளி இழுக்கச் சொன்னார், இழுத்தன். நான் சுவிட்சை நிப்பாட்டிட்டுத்தான் தூக்கினன். அதுக்கு முந்தி முடிஞ்சுது தங்கச்சி. மயக்கம் எண்டு சொல்லச் சொன்னதும் அவர்தான்."

ஜூலியானா திரும்பி அவனைப் பார்த்த பார்வையில் அவன் ஒரு அடி பின்னால் போனான்.

"ரெண்டு நாளா என்ட கையால சோறு திண்டாயே," என்றாள். "எப்பிடி இறங்கிச்சு உனக்கு?"

"வேலை போகும் ஜூலி."

"போகட்டும். நீ வாயத் திறக்காட்டியும் நான் திறப்பன். தடி என்டது. குடுத்தது நான். கொண்டுவந்ததைக் கண்டதும் நான்."

நிஸ்ரின் தடியை நீட்டினாள். ஜூலியானா கையைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டாள்.

"இப்ப நான் இதை வாங்க மாட்டன் தங்கச்சி. வாங்கி உள்ள வச்சா, விளக்கு வைக்க முந்தி அந்த மனுசன் ஆள் அனுப்பி எடுப்பிப்பான். நீ வச்சிரு. கீழ வைக்காத, கழுவாத. நான் உடுப்பு மாத்திட்டு வாறன், முந்தல் பொலிசுக்குப் போவம்."

அவள் உள்ளே போனாள். லோறன்ஸ் வாசற்படியில் குந்தினான். போவதற்கும் இருப்பதற்கும் இடையில் அவனுடைய செருப்பு ஒரு காலில் மட்டும் இருந்தது.

தென்னையில் செம்பிராந்து வந்து இருந்தது. நிஸ்ரின் கல் தேடவில்லை. ஏசுவதற்கு வேறு ஆள் இருந்தது. தடியின் அடியைத் தன் செருப்பின் மேல் ஊன்றி, சேறு உதிராமல் பிடித்துக்கொண்டு நின்றாள். காலையில் முதல் வேலை என்று உம்மா சொன்ன வேலை இன்னும் முடியாமல் அவள் கையில் இருந்தது.